நாற்பத்தேழு அ

தென்காசியையும் குற்றாலத்தையும் துண்டு துண்டாகப் பிரித்து, இந்தத் துண்டில் இத்தனை பேர், அந்தத் துண்டில் அத்தனை பேர் என்று சர்க்காருக்கு எண்ணிக் கொடுத்தவன் நான்தான்.

பொய். எனக்கு அப்போது ஆறுக்கு மேல் எண்ணத் தெரியாது. என் குதிரை வண்டியில் ஆறு பேருக்கு மேல் ஏற முடியாது, அதனால் ஏழாவது எண்ணுக்கு எனக்கு வேலை வந்ததில்லை. பிரித்ததும் எண்ணியதும் வேறொருவர். நான் அவரை ஏற்றிக்கொண்டு போனேன். அவர் சுவரில் நம்பர் எழுதும்போது காவிக் கரைசல் வாளியைக் கொட்டாமல் பிடித்துக்கொண்டேன். அதையும் இரண்டு தடவை கொட்டினேன்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. தாலுகா ஆபீஸ் நோட்டில் அதை எழுதி வைத்திருப்பார்கள். ஊரில் யாரும் அதைச் சொன்னதில்லை, எல்லாருக்கும் அவர் பிளாக் சார். அறுபத்தொன்று ஜனத்தொகைக் கணக்கெடுப்புக்காக ஊரைப் பிளாக்குகளாகப் பிரிக்கும் வேலை அவருடையது. ஒரு ஆள் நடந்து எண்ணி முடிக்கிற அளவு வீடுகள் ஒரு பிளாக். இந்தப் பிளாக் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதை வாய்க்காலோ ரோடோ சந்தோ காட்ட வேண்டும். புளியமரத்தை எல்லையாக வைக்கலாம். மாட்டை வைக்க முடியாது. இதை அவரே சொல்லிவிட்டுச் சிரிக்காமல் இருப்பார்.

ஒல்லியான ஆள். கையில் ஒரு கறுப்புக் குடை, கக்கத்தில் ஒரு மூங்கில் குழாய். குடை பிடிப்பதற்கு அல்ல, நீட்டிக் காட்டுவதற்கு. குழாய்க்குள் ஊர் சுருட்டி வைத்திருக்கும். எந்தச் சந்தில் எத்தனை வீடு, வாய்க்கால் எங்கே திரும்புகிறது, எல்லாம் அவர் பென்சிலால் போட்ட படம். வலது ஆட்காட்டி விரலில் காவி ஏறிப் போயிருந்தது, எத்தனை கழுவினாலும் போகாது. யோசனையில் நெற்றியைத் தடவிக்கொண்டாரென்றால் நாமம் போட்டது போல் ஆகிவிடும். விசுவநாதர் கோயில் வாசலில் பூக்காரி மற்றவர்களுக்கெல்லாம் வில்வம் கொடுப்பாள், அவருக்கு மட்டும் துளசியை எடுத்து நீட்டுவாள்.

அவர் அடிக்கடி சொல்வது ஒன்றுதான்.

“ஒருத்தன் ரெண்டு எடத்துல இருக்க முடியாது. ஒரு எடத்துலயும் இல்லாமயும் இருக்க முடியாது. மனசிலாச்சாடே?”

அந்தச் சொல் முதலில் குத்தியது என்னைத்தான். நான் இரண்டு இடத்திலும் இருந்தேன், ஒரு இடத்திலும் இல்லாமலும் இருந்தேன். சாரல் விழும் மாதங்களில் குற்றாலம், மற்ற நாளெல்லாம் தென்காசி ரயிலடி. என் அப்பாவும் வண்டிக்காரர். அம்மா என்னைப் பெற்றதே வண்டிக்குள்தான், மேலகரத்துக்கும் குற்றாலத்துக்கும் நடுவே. வீடு கிடையாது. பொழுது சாய்ந்தால் குதிரையை அவிழ்த்துக் கட்டிவிட்டு வண்டிக்குள் காலை மடக்கிப் படுப்பேன். நான் கொஞ்சம் உயரம், அதனால் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நாய்கள் என் காலை மோந்து பார்த்துவிட்டு, பிடிக்காமல் போய்விடும்.

இந்த லட்சணத்தில் எனக்குக் கல்யாண ஆசை வேறு. குற்றாலம் ரோட்டில் தென்காசி முடிகிற இடத்தில் கொள்ளும் புல்லும் விற்கிற அண்ணாச்சி ஒருவர் இருந்தார். முன்னால் கடை, பின்னால் வீடு. அவருடைய மகள் பொன்னுத்தாய். என்னைப் பார்த்துத்தான் அவள் வாசலுக்கு வருகிறாள் என்று கொஞ்ச காலம் நம்பியிருந்தேன். அவள் பார்க்க வந்தது என் குதிரையை. ராசா என்று அதற்குப் பெயர். வெள்ளைக் குதிரை, நெற்றியில் மட்டும் ஒரு தவிட்டுப் புள்ளி. நான் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த சாமான். இருந்தாலும் கேட்டுவிடுவது என்று, தூது விட ஆள் இல்லாமல் நானே போய்க் கேட்டேன்.

அண்ணாச்சி தராசைக் கீழே வைக்கவே இல்லை.

“ஏலே, ஒன் ஊரு எதுன்னு கேட்டா சீசனுக்குக் குத்தாலம், மத்த நாளு தென்காசிங்க. கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளைக்கு என்ன ஊருன்னு போட? ‘வழியில’ன்னு போடவா?”

“போட்டாப் போச்சு அண்ணாச்சி. மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டிச் செலவு மிச்சம்.”

“ஒனக்கு வாய் மட்டும் ஒரே எடத்துல நிக்கி. பொண்ணு குடுக்கணும்னா ஒரு வாசல் வேணும்லே. வாசலோட வா.”

வாசல் எங்கே வாங்குவது? அந்தச் சமயத்தில்தான் பிளாக் சார் என் வண்டியில் ஏறினார்.

அவர் செங்கோட்டைக்காரர். தினம் காலை ரயிலில் வந்து இறங்குவார். செங்கோட்டை அப்போதுதான் சில வருஷங்களுக்கு முன்னால் மலையாள ராஜ்யத்திலிருந்து எங்கள் பக்கம் சேர்ந்திருந்தது. அவர் அங்கே குமாஸ்தாவாக இருந்தவர், அப்படியே ஆபீஸோடு சேர்த்து இந்தப் பக்கம் வந்துவிட்டார். பேச்சில் மலையாளம் எட்டிப் பார்க்கும். ஆபீஸில் அவரை மலையாளத்தான் என்றார்கள். அந்தப் பக்கத்து ஆபீஸில் இருந்தபோது பாண்டிக்காரன் என்று சொன்னார்களாம்.

“நான் படுத்த கட்டிலு அனங்கலேடே, அசையவே இல்ல,” என்பார். “ராத்திரி அந்த நாட்டுல படுத்தேன், விடிஞ்சா இந்த நாட்டுல எழுந்திரிச்சேன். கோடுதான் நடந்து வந்து என்னைத் தாண்டிப் போச்சு. செரி, கோடுன்னா அப்பிடித்தான். ஆனா அது தாண்டும்போது ஆளை மிதிக்காமத் தாண்டணும்.”

இதைச் சொல்லும்போது மட்டும் குடையை மடியில் படுக்க வைத்துக்கொள்வார்.

ஊரைப் பிரிக்கிறவர் என்றாலும் அவருக்குப் பிரிப்பதில் ஆசை இல்லை. யாரும் விட்டுப் போகக் கூடாது, யாரையும் இரண்டு தடவை எழுதக் கூடாது என்பதுதான் அவருக்கு. எதற்கு சார் இத்தனை துண்டு என்று ஒருநாள் கேட்டேன். “சோத்த மொத்தமா முழுங்குவியாடே? உருண்டை பிடிச்சுத்தான திங்க? நாட்டையும் அப்பிடித்தான் எண்ணணும். நாட்டுக்குள்ள மாகாணம், அதுக்குள்ள ஜில்லா, தாலுகா, ஊரு, பிளாக், வீடு.” அதோடு நிற்கவில்லை. “வீட்டுக்குள்ள அடுப்பு. அதுக்கு அங்கிட்டுப் பிரிக்க முடியாது. ஒரே அடுப்புல திங்கிறவன் எல்லாம் ஒரு குடும்பம். சர்க்காரு அம்புட்டுதான் கேக்கும்.”

சாப்பாட்டிலும் இதுதான். கிளப்புக் கடையில் இலை போட்டதும் தண்ணீர் தெளித்து, விரலால் நாலு கோடு இழுப்பார். இது கூட்டுக்கு, இது பொரியலுக்கு, இது அப்பளத்துக்கு. பரிமாறுகிறவன் ரசத்தை ஊற்றுவான். ரசம் எல்லாக் கோட்டையும் அழித்துக்கொண்டு ஓடும். அவர் அதைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, “ரசத்துக்கு ஒரு எல்லையும் கிடையாது” என்று குடித்துவிடுவார்.

குற்றாலத்துக்கு வீடுகளைக் குறிக்கப் போனபோது சீசன் முடிந்திருந்தது. எண்ணெய்க் கடைகள் மூடிக் கிடந்தன. விடுதிக்காரர் ஒருவர் வந்து, “சார், இப்ப வந்து எண்ணுனா எங்க ஊருல குரங்குதான் இருக்கும். ஆனியில வாங்க, மெட்ராஸே இங்கன நிக்கும்” என்று முறையிட்டார். பிளாக் சார் அருவியைக் குடையால் காட்டினார். “விழுற தண்ணிக்குக் கணக்கு கிடையாதுவே. எங்க போய் நிக்குதோ அங்கதான் கணக்கு. வந்து குளிச்சிட்டுப் போறவன அவனவன் ஊருல எழுதிக்கிடுவாவ.”

மேலே ஒரு குகையில் ஒரு சாமியார் இருந்தார். அவரை விட்டுவிட்டு வரலாம் என்றேன். பிளாக் சார் மூச்சு வாங்க ஏறினார்.

“சாமிக்கு எந்த ஊரு?”

“எல்லாம் நம்ம ஊர்தானப்பா.”

“அப்பிடி ஒரு பிளாக் இல்ல சாமி.”

சாமியார் கண்ணை மூடிக்கொண்டார். பிளாக் சாரும் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். யார் தவம் பெரிது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் சாமியார் ஒரு கண்ணை மட்டும் திறந்து, “மானாமதுரை. ஆனா வீட்டுக்குச் சொல்லிராத” என்றார்.

“வீட்டுக்குச் சொல்ல மாட்டேன். நீங்க இருக்கிறது இங்கதான, இங்கயே எழுதிருதேன்” என்று குகை வாசலில் காவியால் நம்பர் போட்டார். இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். சாமியார் வெளியே வந்து அந்த நம்பரைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வண்டியில் போகும்போது அவருக்கு ஒரு பழக்கம். எல்லை வரும் இடத்தில் குடைக் கம்பால் கூரையை ஒரு தட்டு தட்டுவார். நான் நிறுத்த வேண்டும், அவர் எட்டிப் பார்த்து, படத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். பத்து நாளில் ராசா என்னைவிடச் சீக்கிரம் படித்துவிட்டது. தட்டாமலே எல்லை வந்தால் நின்றுவிடும். பயணிகளை ஏற்றிக்கொண்டு போனாலும் நிற்கும். “என்ன வண்டிக்காரரே, குதிரைக்கு என்ன?” என்பார்கள். “இங்கன தென்காசி முடியுது, அதான் வருத்தப்படுது” என்பேன்.

தென்காசி முடிகிற இடம் அண்ணாச்சியின் கடை வாசல். ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பிளாக், அந்தப் பக்கம் மேலகரத்தோடு சேர்ந்த பிளாக். குதிரை தினம் அங்கே நின்றது. நின்ற குதிரைக்குப் பொன்னுத்தாய் ஊற வைத்த கொள்ளு கொண்டுவந்து வைத்தாள். பிறகு ராசாவுக்கு எல்லையெல்லாம் ஒரு சாக்குதான், பொழுது சாய்ந்தாலும் நகராது, ராத்திரிக்கும் அங்கேயே அவிழ்த்துக் கட்ட வேண்டியதாயிற்று.

“ஏலே, எதுக்குலே எங்கடை வாசல்லயே வந்து நிக்க?” என்றார் அண்ணாச்சி.

“நான் நிக்கலை அண்ணாச்சி. சர்க்காரு நிக்கி.”

அப்போது பிளாக் சார் வண்டியை விட்டு இறங்கி, சுற்றி வந்து, குனிந்து பார்த்து, முகம் சுருங்கினார். குதிரை கடைப்பக்கம் நின்றது. வண்டிச் சக்கரம் ரோட்டு நடுவில் நின்றது.

“எடே, நீ எங்க தூங்குவே?”

“வண்டியில சார்.”

“குதிரை ஒரு பிளாக்குல இருக்கு, நீ படுக்கிற எடம் கோட்டு மேல இருக்கு. ஒன்னய நான் எங்க எழுத?”

“ரோட்டு நடுவுல எழுதுங்க.”

“ரோட்டு நடுவுல இருக்கிறவன லாரிதான் எழுதும்.”

மூன்று நாள் அவருக்கு இதே கவலை. குற்றாலத்திலிருந்து திரும்பும்போதெல்லாம் என்னையும் குதிரையையும் மாறி மாறிப் பார்ப்பார். வீடில்லாதவர்களைக் கடைசியில் தெருத் தெருவாகத் தேடி எழுதுவார்கள், அதில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன். “ஒனக்கு வீடு இல்லன்னு யாரு சொன்னா? கூரை இருக்கு. ஏறி இறங்கத் தனி வாசல் இருக்கு. நீ தினம் படுக்கிறே. வேற என்ன வேணும் வீட்டுக்கு?”

நாலாம் நாள் வாளியைத் தூக்கச் சொன்னார். குதிரை எங்கே கட்டப்படுகிறதோ அதுதான் வீடு நிற்கும் இடம் என்று முடிவு செய்துவிட்டாராம். அண்ணாச்சியின் கதவில் நாற்பத்தேழு என்று முன்பே போட்டிருந்தது. கடைக்கு வருகிற குதிரைகளைக் கட்டுவதற்காக வாசலில் நட்டிருந்த கல்லிலும், என் வண்டியின் பின்பலகையிலும் ‘நாற்பத்தேழு அ’ என்று எழுதினார். நான் படித்த முதல் எழுத்து அதுதான். மற்ற எழுத்துகளை அப்புறம் கடைப் பலகைகளில் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டேன். சிலது இன்னும் கிடைக்கவில்லை.

அண்ணாச்சி உள்ளேயிருந்து வந்து பார்த்தார்.

“என்ன சார் இது? நாப்பத்தேழு நான். இவன் என்ன நாப்பத்தேழு அ?”

“பக்கத்து வீடு.”

“இது வண்டில்லா?”

“நம்பர் போட்டாச்சு. கணக்கு முடியுற வரைக்கும் இதை அழிக்கப்படாது. சர்க்காரு உத்தரவாக்கும்.”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். வாசலோடு வா என்று சொன்ன மனிதர். நான் வாசலோடு வந்தேன், ஆனால் அது அவருடைய வாசல்.

ஐப்பசி பிறப்பதற்குள் திருநெல்வேலியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வந்தார். அவரையும் பிளாக் சாரையும் ரயிலடியிலிருந்து என் வண்டியில்தான் ஏற்றினேன். நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்தார். “இந்த நாற்பத்தேழு அ எங்கே இருக்கு? போய்ப் பார்ப்போம்.”

“பார்க்க வேண்டாம் சார். அதுக்குள்ளதான் உக்காந்திருக்கீங்க,” என்றார் பிளாக் சார்.

நான் பயத்தில் குதிரையின் வாலையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். அழித்துவிடச் சொன்னால் தீர்ந்தது. கல்லில் இருக்கும் நம்பர் போகும், வாசல் போகும், அண்ணாச்சி அன்றைக்கே என்னை ரோட்டுக்கு அந்தப் பக்கம் விரட்டிவிடுவார்.

“சக்கரம் இருக்கேய்யா இதுக்கு,” என்றார் அதிகாரி.

“வீட்டுக்குச் சக்கரம் கூடாதுன்னு விதியில இல்ல சார்.”

“நாளைக்கு இந்த வீடு குற்றாலத்தில் நின்றால்?”

“பொழுது சாயும்போது இங்க வந்துரும். குதிரை வந்துரும் சார், அதை நான் மூணு நாள் பார்த்தேன்.”

அதற்குள் அண்ணாச்சியின் கடை வந்துவிட்டது. யாரும் கூரையைத் தட்டவில்லை. ராசா தானாக நின்றது. பொன்னுத்தாய் கொள்ளுக் கிண்ணத்தோடு வந்தவள், அதிகாரியைப் பார்த்துவிட்டு, கிண்ணத்தை வைத்துவிட்டு உள்ளே போனாள். அதிகாரி குதிரையைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். உள்ளே போனவளின் திசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, “சரி, ஓட்டப்பா உன் வீட்டை” என்றார்.

இனி அண்ணாச்சிக்கு மழையை விட்டால் கதி இல்லை. அழிக்கக் கூடாது என்றுதான் உத்தரவு, மழை அழித்தால் யார் என்ன செய்ய முடியும்? ஐப்பசி மழை நன்றாக அடித்தது. காலையில் கல் கழுவிவிட்டது போல் இருந்தது. அண்ணாச்சி முகத்தில் தெளிச்சி. மறுநாள் காலை பார்த்தால் கல்லில் மறுபடி நாற்பத்தேழு அ.

“அந்த மனுசன் மழையோட வந்து எழுதிட்டுப் போயிருக்காம் பாரு,” என்று அண்ணாச்சி அலுத்துக்கொண்டார்.

மூன்று மழை. மூன்று தடவையும் இப்படியே. நான்காவது மழைக்கு அப்புறம் பிளாக் சார், அழிந்த நம்பர்களைப் புதுப்பிக்க வாளியோடு வந்தார். மழை விட்டால் ஊர் முழுக்க நடந்து புதுப்பிப்பது அவர் வழக்கம். கல்லைப் பார்த்தவர் குனிந்தார். அதில் எழுதியிருந்த ‘அ’ அவருடைய ‘அ’ இல்லை. வளைவு வளைவாக, வால் சுழித்து, கோலக்காரி போட்ட எழுத்து. வாசலில் பொன்னுத்தாய் கோலத்துக்குப் பட்டை போட்டிருந்த காவியும் அதே காவி.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் அவ்வளவு கெட்டிக்காரன்.

பிளாக் சார் நிமிர்ந்து, “இங்க எனக்கு வேலை இல்லடே” என்று வாளியை என்னிடம் கொடுத்தார்.

மழையில் எனக்கு வந்த கஷ்டம் வேறு. வண்டிக்குப் பக்கத்தில் மூன்று கல்லை வைத்துக் கஞ்சி காய்ச்சுவேன். மழையில் அடுப்பு எங்கே பற்றும்? இரண்டு நாள் பொரிகடலையைத் தின்று படுத்தேன். மூன்றாம் நாள் குதிரைக்கு வந்த கொள்ளுக் கிண்ணத்தோடு இன்னொரு கிண்ணமும் வந்தது. சோறும் புளிக்குழம்பும். பொன்னுத்தாயின் அம்மா கொடுத்துவிட்டாளாம். அன்று முதல் குதிரைக்கு ஒன்று, எனக்கு ஒன்று. எதை யாருக்கு முதலில் வைப்பாள் என்று கேட்காதீர்கள். அந்த நேரம் பார்த்து அண்ணாச்சிக்குத் தராசைத் துடைக்கிற வேலை வந்துவிடும். எங்கள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, தேய்த்துத் தேய்த்துத் துடைப்பார். தென்காசியிலேயே பளபளப்பான தராசு அவருடையதுதான்.

நான் கதையை முன்னே பின்னே சொல்கிறவன், பொறுத்துக்கொள்ளுங்கள். கணக்கெல்லாம் முடிந்து பிளாக் சாருக்கு மாற்றல் வந்த நாளை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்ல எனக்குத் தெம்பு இருக்காது. ரயிலடிக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். பெட்டி ஒன்று, குடை, மூங்கில் குழாய். குழாய் காலி, படத்தை ஆபீஸில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். போகிற வழியில் வண்டியின் பின்பலகை நம்பர் மங்கியிருப்பதைப் பார்த்து, நிறுத்தச் சொன்னார். சட்டைப் பையிலிருந்து காவிக்கட்டி ஒன்றை எடுத்து, எச்சில் தொட்டு, அ-வின் வாலை மட்டும் இழுத்துவிட்டார்.

“கணக்குதான் முடிஞ்சு போச்சே சார்.”

“கணக்கு முடிஞ்சா ஆளு முடிஞ்சு போயிருவானாடே?”

ரயில் கிளம்பும்போது ஜன்னல் வழியாகக் குடையை நீட்டி, ரயில்பெட்டிக் கூரையில் ஒரு தட்டு தட்டினார். ரயிலடி வாசலில் நின்ற ராசாவுக்குக் காது விடைத்தது. ரயில் நிற்கவில்லை.

சரி, எண்ணுகிற நாளுக்கு வருகிறேன். மாசி மாதம். எங்கள் பிளாக்கை எண்ண வேண்டிய வாத்தியாருக்கு அம்மை போட்டிருந்ததால் பிளாக் சாரே தாள்களோடு வந்தார். காலை நேரம். நாற்பத்தேழாம் நம்பர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நான் வண்டிப் படியில் உட்கார்ந்து, அடுத்த வீட்டுக்காரன் என்ற மிடுக்கோடு என் முறைக்குக் காத்திருந்தேன்.

“அண்ணாச்சி, ஒங்க அடுப்புல எத்தனை பேரு சாப்பிடுதிய?”

“நாலு. நான், எஞ்சம்சாரம், மவ, மவன்.”

“அஞ்சு,” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

பிளாக் சார் பேனாவைத் தூக்கினார். அண்ணாச்சி உள்ளே திரும்பி, “ஏட்டி, நாலுட்டி” என்றார்.

“அஞ்சுப்பா. குழம்புக்கு நான்தான புளி கரைக்கேன், எனக்குத் தெரியாதா?”

உள்ளே அவள் அம்மா இருமினாள். அது வெறும் இருமல் இல்லை.

பிளாக் சார் என் பக்கம் திரும்பினார். “எடே, நாப்பத்தேழு அ. நீ எந்த அடுப்புல சாப்பிடுதே?”

எதற்கும் ஒரு வேடிக்கை வைத்திருக்கிறவன் நான். அன்றைக்கு ஒன்றுகூட வரவில்லை. மூன்று கல்லில் காய்ச்சிக் குடிக்கிறேன் என்றால் பொய். அந்தக் கல்லில் கார்த்திகையிலேயே புல் முளைத்துவிட்டது. இந்த அடுப்பில்தான் என்றால், தராசைத் துடைத்துத் துடைத்து மறைத்த மனிதரை நடுவாசலில் நிறுத்தியதாகிவிடும். தலையைக் குனிந்துகொண்டேன். கால் பெருவிரல்தான் தெரிந்தது. அதையும் எண்ணினேன், ஒன்றுதான்.

“ஒருத்தன் ரெண்டு எடத்துல இருக்க முடியாது அண்ணாச்சி,” என்றார் பிளாக் சார். குரலை உயர்த்தவே இல்லை. “ஒரு எடத்துலயும் இல்லாமயும் இருக்க முடியாது. தாளுல நான் பொய் எழுத மாட்டேன். நாலா, அஞ்சா? நீங்கதான் குடும்பத் தலைவரு, நீங்க சொன்னாத்தான் உண்டு.”

அண்ணாச்சி தராசைப் பார்த்தார். துடைக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை. கல்லைப் பார்த்தார். அந்தச் சுழித்த ‘அ’வைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தன் வாசலில் தினம் விழுகிற கோலத்தின் வளைவு அவருக்குத் தெரியாதா? முகம் மெதுவாக மாறியது.

“அஞ்சுன்னே போடும்வே,” என்றார்.

எனக்குப் படியில் உட்காரவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை. ராசா மட்டும் கவலையில்லாமல் கொள்ளு தின்றது.

பிளாக் சார் எழுதினார். ஒரு தாள், இரண்டு தாள், மூன்று, நான்கு. ஆளுக்கு ஒரு தாள். ஐந்தாவது தாளை எடுத்து மடியில் நேராக வைத்தார். என் பெயரை எழுதினார். அடுத்த கேள்விக்கு வந்ததும் நிறுத்தி, நெற்றியைத் தடவிக்கொண்டார். நாமம் விழுந்தது.

“இந்த ஆளு குடும்பத் தலைவருக்கு என்ன உறவு அண்ணாச்சி? இதுல அதைக் கேக்குதாவ. ஒரு வார்த்தை எழுதணும்.”

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுபோனது. அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். என் பக்கம் திரும்பி, மேலிருந்து கீழாக ஒரு முறை, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கால் வரைக்கும் பார்த்தார். பிளாக் சாரின் பேனா தாளைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. அண்ணாச்சி வாயைத் திறந்து,

“இன்னும் அங்கன உக்காந்து என்ன எழுதுதிய? சோத்த அடுப்புலருந்து இறக்கி எம்புட்டு நேரமாச்சு. வாரியளா, இல்ல குதிரைக்கு வைக்கவா?”

இது அண்ணாச்சி இல்லை, இன்றைக்கு என் அடுக்களையிலிருந்து வருகிற குரல். இப்போது குதிரை ஏது? ராசா போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் அவள் இப்படித்தான் கூப்பிடுவாள். நான் எழுதுவதை நிறுத்திவிட்டுப் போகாவிட்டால் குழம்பு ஆறிவிடும், அப்புறம் அவள் சூடாகிவிடுவாள். பிளாக் சார் பேனாவைப் பிடித்தபடி அங்கேயே இருக்கட்டும். வருகிறேன் என்று குரல் கொடுத்துவிட்டேன், உள்ளேயிருந்து அன்றைக்கு அஞ்சு என்று சொன்ன அதே குரலுக்கு.